முன்பணம் எங்கிருந்து வந்தது? முதல் வீடு வாங்குவோர் காட்ட வேண்டிய கணக்கு

சென்னையில் முதல் வீடு வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது லோன் எவ்வளவு கிடைக்கும், ஈ.எம்.ஐ. எவ்வளவு வரும் என்பதைத்தான். சம்பளச் சீட்டையும், பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் சிபில் ஸ்கோரையும் பார்த்து வங்கி அதற்குச் சீக்கிரமே பதில் சொல்லிவிடும். இழுபறி தொடங்குவது மீதிப் பணத்தில். நாம் கையிலிருந்து போட வேண்டிய தொகை இருக்கிறது என்று சொன்னால் மட்டும் வங்கி விடாது. எந்தக் கணக்கில் இருக்கிறது, எப்போதிலிருந்து இருக்கிறது, கொடுத்தது யார், அவருக்கு எப்படி வந்தது என்று அடுத்தடுத்துக் கேட்கும். பத்துப் பதினைந்து வருஷம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணமே இந்தக் கேள்விகளுக்கு முன்னால் தடுமாறுகிறது. அந்தப் பணத்தில் தப்பு ஒன்றும் இருக்காது. அது வந்த வழிக்குக் காகிதம் இருக்காது, அவ்வளவுதான். அந்தக் காகிதங்களைச் சேர்க்கும் வேலையை அட்வான்ஸ் கொடுத்த பிறகு தொடங்கினால் நாள் போதாது என்பதைத்தான் இந்தக் கட்டுரை விரிவாகச் சொல்லப்போகிறது.

கையில் எவ்வளவு வேண்டும் என்பதிலிருந்து தொடங்கலாம். வீட்டின் மதிப்பில் எவ்வளவு வரை கடன் தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. கடன் தொகை 30 லட்சம் வரை என்றால் மதிப்பில் 90 சதவீதம், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கும் மேலே 75 சதவீதம். இவை உச்ச அளவுகள்தான், வங்கி இதைவிடக் குறைத்தும் தரலாம். மீதியைத்தான் வங்கிக்காரர்கள் மார்ஜின் என்கிறார்கள். பலர் கவனிக்காமல் விடும் விஷயம் இன்னொன்று உண்டு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்த மதிப்பில் சேராது. 10 லட்சத்துக்கு உட்பட்ட வீடுகளுக்கு மட்டும் விதிவிலக்கு, சென்னையில் அந்த விலைக்கு வீடு ஏது? ஆகவே பத்திரச் செலவு முழுக்க நம் பையிலிருந்துதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மடிப்பாக்கத்தில் 60 லட்சத்துக்கு ஒரு பழைய ஃப்ளாட் பேசி முடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வங்கி அதிகபட்சம் 48 லட்சம் தரும், மார்ஜின் 12 லட்சம். மறுவிற்பனை வீட்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டும் சேர்ந்து 5 லட்சத்து 40 ஆயிரம். ஆக 17 லட்சத்து 40 ஆயிரம் ஆயிற்று. அதோடு புரோக்கர் கமிஷன், வக்கீலுக்கு லீகல் ஒப்பீனியன், வங்கியின் பிராசஸிங் கட்டணம், வங்கிக்காகப் பத்திரத்தை அடமானம் வைத்துப் பதியும் எம்.ஓ.டி. செலவு, ஆவண எழுத்தர் கூலி என்று வரிசை நீளும். 19 லட்சமாவது தயாராக இல்லாமல் இந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது என்பேன்.

பில்டரிடம் புது ஃப்ளாட் வாங்கினால் கணக்கு வேறு. 2023 டிசம்பரிலிருந்து முதல் விற்பனை ஃப்ளாட்டை நிலத்தின் பிரிக்கப்படாத பங்கும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பில் பதிகிறார்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 50 லட்சம் வரை 6 சதவீதம், 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரை 7 சதவீதம், அதற்கு மேல் 9 சதவீதம். கட்டி முடிக்காத வீடு என்றால் 5 சதவீத ஜி.எஸ்.டி. தனி. 45 லட்சத்துக்குள், சென்னை போன்ற பெருநகரில் 60 சதுர மீட்டர் கார்ப்பெட் ஏரியாவுக்குள் (வீட்டுக்கு உள்ளே புழங்கும் பரப்பு) இருந்தால் அது 1 சதவீதம். பணி நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 2025 ஏப்ரலிலிருந்து பெண்கள் பெயரில் 10 லட்சத்துக்குள் பதியும் சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்திருக்கிறார்கள். நகரத்துக்குள் ஃப்ளாட் வாங்குகிறவருக்கு அது பெரும்பாலும் எட்டாது, புறநகரில் சின்ன மனை வாங்குகிறவருக்கு உதவலாம்.

இப்போது எல்லோரும் மெதுவான குரலில் பேசுகிற விஷயத்துக்கு வருவோம். விற்கிறவர் "60-ல் 45-ஐப் பத்திரத்தில் போட்டுக்கலாம், 15 கையில கொடுத்துடுங்க, உங்களுக்கும் பதிவுச் செலவு மிச்சம்" என்பார். மிச்சம்தான், 1 லட்சத்து 35 ஆயிரம். ஆனால் வங்கி கடனைக் கணக்கிடுவது பத்திரத்தில் எழுதும் விலை, அல்லது அதன் மதிப்பீட்டாளர் சொல்லும் விலை, இரண்டில் எது குறைவோ அதன்மேல். 45 லட்சத்துக்கு 80 சதவீதம் 36 லட்சம். பாக்கி 24 லட்சம் நம்முடையது, பதிவுச் செலவு 4 லட்சத்து 5 ஆயிரம். 17 லட்சத்து 40 ஆயிரம் போதுமென்றிருந்த இடத்தில் இப்போது 28 லட்சத்துக்கு மேல் வேண்டும். அதில் 15 லட்சம் ரொக்கமாகப் போக வேண்டும், அதற்கு ரசீதும் கிடையாது. பேரம் முறிந்தால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்க நம்மிடம் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. நாளைக்கு வீட்டை விற்கும்போது நாம் வாங்கிய விலை 45 லட்சமாகத்தான் கணக்கில் வரும், லாபம் ஊதித் தெரியும், வரியும் அதற்கேற்ப ஏறும். சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, மீறி வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விழும். லோன் போட்டு முதல் வீடு வாங்குகிறவர் இந்தப் பேரத்துக்குத் தலையாட்டவே கூடாது. முழு விலைக்கும் பத்திரம் போடச் சம்மதிக்காதவரின் வீடு எவ்வளவு பிடித்திருந்தாலும் அடுத்த வீட்டைப் பார்ப்பது நல்லது.

சரி, பணம் வந்த வழியை யாரெல்லாம் கேட்கிறார்கள்? வங்கி கேட்பதற்கு இரண்டு காரணம். ஒன்று, சந்தேகத்துக்குரிய பணம் தன் வழியாகப் போகாமல் பார்த்துக்கொள்ளும் சட்டப் பொறுப்பு. இன்னொன்று அதைவிட நேரடியானது: மார்ஜினையே வேறு இடத்தில் கடன் வாங்கிப் போட்டிருந்தால், இரண்டு கடனையும் கட்ட இவரால் முடியுமா என்ற கவலை. வருமான வரித் துறை வேறு பக்கமிருந்து வருகிறது. 30 லட்சம் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள சொத்துப் பதிவுகளைச் சார்பதிவாளர் அலுவலகம் அந்தத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சேமிப்புக் கணக்கில் ஒரு நிதியாண்டில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் போட்டால் வங்கி தெரிவிக்க வேண்டும். இரண்டு தகவலும் நம் பான் எண்ணின் கீழ் ஆண்டுத் தகவல் அறிக்கையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வருமானம் 6 லட்சம் என்று ரிட்டர்ன் போட்டவர் 60 லட்சத்துக்கு வீடு வாங்கியிருந்தால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வருவதில் வியப்பில்லை. அது உடனே வர வேண்டும் என்பதும் இல்லை, சில வருஷம் கழித்தும் வரலாம்.

விற்கிறவருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது, அது எளிய கேள்வி: இவர் கடைசிவரை வருவாரா? டோக்கன் அட்வான்ஸோடு வங்கியின் முன் ஒப்புதல் கடிதத்தையும் காட்டினால் பெரும்பாலும் அவருக்கு அது போதும். வங்கிக் கணக்கு அறிக்கையை விற்கிறவரிடமோ புரோக்கரிடமோ கொடுக்கத் தேவையில்லை. பில்டர் என்றால், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. "புக்கிங்குக்கே 20 சதவீதம் கட்டுங்க" என்றால் மறுக்கலாம்.

சம்பளம், ஃபிக்சட் டெபாசிட், மியூச்சுவல் ஃபண்ட், பி.எஃப். முன்பணம் இவற்றுக்கெல்லாம் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டெபாசிட்டை முறித்த ரசீது, யூனிட்டுகளை விற்ற அறிக்கை, அந்தத் தொகை வந்து விழுந்த கணக்கு வரி, இவை இருந்தால் முடிந்தது. பல கணக்குகளில் சிதறி இருப்பதை ஒரே கணக்குக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது. வங்கிகள் பொதுவாகக் கடைசி 6 மாத அறிக்கை கேட்கின்றன, சில இடங்களில் ஒரு வருஷம். அந்த அறிக்கையை வங்கியில் எப்படிப் படிக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். சம்பள வரிகள்மேல் கண் நிற்பதே இல்லை. நடுவில் திடீரென்று ஒரு 3 லட்சம் வரவு, பக்கத்தில் 'ரொக்கம்' என்றோ, தெரியாத ஒரு பெயரோ இருந்தால் பேனா அங்கே நின்று ஒரு வட்டம் போடும். நாம் விளக்கம் எழுத வேண்டியதெல்லாம் அந்த வட்டங்களுக்குத்தான்.

நம் ஊரில் அந்த வட்டங்களுக்குள் அதிகம் வருவது சீட்டுப் பணம், நகைப் பணம், சொந்தக்காரர் பணம், ரொக்கம்.

சீட்டில் இரண்டு வகை. 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான நிறுவனத்தில் கட்டினால் ஒப்பந்த நகல், பாஸ்புக், தவணை ரசீது எல்லாம் இருக்கும். எடுத்த சீட்டுப் பணம் காசோலையாகவோ கணக்கு வழியாகவோ வந்தால் அது நல்ல ஆதாரம். ஒன்று மட்டும் நினைவில் வேண்டும். சீட்டு முடிவதற்கு முன்பே தள்ளி எடுத்துவிட்டால் மீதித் தவணைகளைக் கட்டியாக வேண்டும். வங்கியின் கண்ணில் அது கடன் மாதிரிதான், ஈ.எம்.ஐ. தாங்கும் சக்தியில் அதையும் கழிப்பார்கள். தெருவில் தெரிந்த அக்கா பிடிக்கும் சீட்டு வேறு கதை. நோட்டுப் புத்தகத்தில் ஒரு டிக், கையில் ரொக்கம். அந்த அக்கா எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும் அந்த நோட்டு வங்கியில் செல்லாது. வீடு வாங்கும் எண்ணம் வந்த அன்றே அந்தச் சேமிப்பைப் பதிவான சீட்டுக்கோ அஞ்சலக ஆர்.டி.க்கோ மாற்றிக்கொள்வதுதான் வழி. வீட்டு வேலை பார்த்து, இட்லிக் கடை போட்டு ஒவ்வொரு வாரமும் தவறாமல் சீட்டுக் கட்டும் பெண்களின் ஒழுங்கு எந்த வங்கிக் கணக்குக்கும் குறைந்ததல்ல. அந்த ஒழுங்கைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வங்கிகளிடம் இன்று ஒரு படிவம்கூட இல்லை என்பது நியாயமே இல்லை.

நகை விஷயத்தில் குழப்பம் அதிகம். "கல்யாணமான பெண் 500 கிராம் வரை வைத்துக்கொள்ளலாம், கேள்வி கிடையாது" என்று எல்லோரும் சொல்வார்கள். அது 1994-இல் நேரடி வரிகள் வாரியம் சோதனைக்குப் போகும் அதிகாரிகளுக்குக் கொடுத்த அறிவுறுத்தல். திருமணமான பெண்ணிடம் 500 கிராம், திருமணமாகாத பெண்ணிடம் 250, ஆணிடம் 100 கிராம் வரை சோதனையின்போது கைப்பற்ற வேண்டாம் என்பதே அதன் பொருள். விற்ற பணத்துக்கு அது ரசீது ஆகாது. விற்கும்போது கடையில் எடை, தரம், விலை எழுதிய கொள்முதல் பில் வாங்கிக்கொண்டு, பணத்தைக் கணக்குக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். பழைய வாங்கிய பில் இருந்தால் இன்னும் நல்லது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த நகையை விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. ஆனால் விற்ற தொகை முழுவதையும் வீட்டில் போட்டால் அந்த வரியிலிருந்து விலக்குக் கேட்கலாம், வரி ஆலோசகர்கள் 54எஃப் என்று சொல்லிப் பழகிய சலுகை அது. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நகை மனைவியுடையது என்றால் லாபமும் அவருடையது. வீட்டுப் பத்திரத்தில் அவர் பெயர் இல்லாவிட்டால் சலுகை கேட்பதில் சிக்கல் வரும். வரியை விடுங்கள், தாலிக்கொடி தவிர எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தவரின் பெயர் பத்திரத்தில் இருக்க வேண்டாமா?

நகையை விற்க மனசில்லாமல் அடகு வைப்பவர்கள் உண்டு. அப்படி வரும் பணம் கடன், சேமிப்பு அல்ல. வங்கியிலோ நகைக்கடன் நிறுவனத்திலோ வைத்தால் சிபிலில் தெரியும், வீட்டுக் கடன் தொகை அதற்கேற்பக் குறையலாம். மார்ஜினுக்காகப் பர்சனல் லோன் எடுத்தாலும் இதே கதைதான்.

அடுத்தது சொந்தக்காரர் பணம். அப்பா, அம்மா, கணவன், மனைவி, உடன்பிறந்தவர்கள், அவர்களுடைய துணைவர், தாய்மாமா, சித்தப்பா, அத்தை, சித்தி, மாமனார், மாமியார், மைத்துனர் ஆகியோர் கொடுக்கும் அன்பளிப்புக்கு எவ்வளவு ஆனாலும் வாங்கியவர் வரி கட்ட வேண்டாம். மாமா பையன், பெரியப்பா பெண் இந்தப் பட்டியலில் இல்லை, நண்பரும் இல்லை. அப்படிப்பட்டவர்களிடமிருந்து ஒரு வருஷத்தில் வந்தது 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் நம் வருமானமாகிவிடும். நம் வீடுகளில் மாமா பையன் அண்ணனுக்குச் சமம், சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. அன்பளிப்புக்கு ஒரு கடிதம் போதும். யார், யாருக்கு, என்ன உறவு, எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து, திருப்பித் தர வேண்டாம் என்ற உறுதி, இருவர் பான் எண், கையெழுத்து. கூடவே கொடுத்தவரின் கணக்கு அறிக்கையும் வேண்டும். ரிட்டயர் ஆன அப்பா கிராஜுவிட்டியிலிருந்து 5 லட்சம் கொடுக்கிறார் என்றால் கிராஜுவிட்டி உத்தரவின் நகலும் சேர்ந்தால் கேள்வி அங்கேயே நின்றுவிடும். ஊரில் நிலம் விற்றுக் கொடுக்கிறார் என்றால் அந்தக் கிரயப் பத்திரத்தின் நகல். துபாயில் இருக்கும் அண்ணன் அனுப்புவதென்றால் வங்கி வழியாக அனுப்பட்டும். ஊருக்கு வரும் ஆளிடம் கொடுத்தனுப்பிய பணத்தை எந்த வங்கியும் ஏற்காது.

திருப்பித் தர வேண்டிய பணம் என்றால் அன்பளிப்பு என்று எழுதக் கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வங்கிக்காக "திருப்பித் தர வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, உள்ளே மாதாமாதம் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு பல குடும்பங்களில் உண்டு. கொடுத்த மாமாவுக்கு நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தால் அவர் கையில் இருப்பது தனக்கே எதிரான கடிதம். கைமாற்று என்றால் கைமாற்று என்றே புரோநோட்டு எழுதி, வங்கியிடமும் சொல்லிவிட வேண்டும். கடன் சற்றுக் குறையலாம், உறவு கெடாது. 20,000 ரூபாயிலிருந்து கைமாற்றும் வங்கி வழியாகத்தான் நடக்க வேண்டும் என்பது சட்டம்.

ரொக்கம்தான் கடைசி, கடினமும்கூட. கோயம்பேட்டில் காய் வியாபாரம் செய்கிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், டெய்லர், கேட்டரிங் எடுக்கிறவர் இவர்கள் கையில் பணம் வருவதே நோட்டாகத்தான். அந்தப் பணத்தை வீட்டுக்கான நேரம் வந்ததும் பான் எண் கேட்காத அளவுக்குப் பிரித்துப் பிரித்து வங்கியில் போடச் சொல்லிச் சிலர் யோசனை தருவார்கள். அதைக் கேட்கவே கூடாது. ஒரே மாதிரித் தொகைகள் வரிசையாக விழுவதே சந்தேகத்தைக் கிளப்பும், வருஷ மொத்தம் 10 லட்சத்தைத் தொட்டால் எப்படியும் தகவல் போய்விடும். நேரான வழி, தொழில் வருமானத்தை ரிட்டர்னில் காட்டுவது. சிறு வியாபாரிகள் கணக்குப் புத்தகம் இல்லாமலே விற்பனையில் குறிப்பிட்ட சதவீதத்தை, அதாவது ரொக்க விற்பனைக்கு 8, வங்கி வழி வந்ததற்கு 6 சதவீதத்தை, லாபமாகக் காட்டும் வசதி இருக்கிறது. இரண்டு மூன்று வருஷ ரிட்டர்ன் இருந்தால் வங்கியும் பேசும், கையிருப்பு ரொக்கத்துக்கும் அது முதுகெலும்பாக நிற்கும். விட்டுப்போன வருஷங்களுக்கு நான்கு ஆண்டு வரை பின்னோக்கிப் போய்ப் புதுப்பித்த ரிட்டர்ன் போடலாம். ஆனால் தாமதத்துக்கேற்பக் கட்ட வேண்டிய வரியோடு 25 முதல் 70 சதவீதம் வரை கூடுதல் வரி சேரும்.

அரசு உதவி இந்த முன்பணத்துக்குக் கை கொடுக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2.0-இன் வட்டி மானியம், ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்கும், நாட்டில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இல்லாத குடும்பங்களுக்கானது. 35 லட்சத்துக்குள் வீடு, 25 லட்சத்துக்குள் கடன், அதில் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத மானியம், அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம். அது தவணைகளாகக் கடன் கணக்கில்தான் வரும். மார்ஜினுக்கும் பத்திரச் செலவுக்கும் அதை எதிர்பார்த்து அட்வான்ஸ் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம்.

வரிசையும் முக்கியம். பெரும்பாலான வங்கிகள் நம் பங்கு விற்கிறவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகே தங்கள் பங்கை விடும். ஆக டோக்கனிலிருந்து ஒவ்வொரு தவணையும் நம் கணக்கிலிருந்து விற்கிறவர் கணக்குக்கு நேராகப் போக வேண்டும், புரோக்கர் கணக்கு வழியாகப் போகக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் விற்கிறவர் கையெழுத்திட்ட ரசீது வாங்க வேண்டும். கிரயப் பத்திரத்தில் தொகை எப்படிச் செலுத்தப்பட்டது என்று எழுதும் பத்தி ஒன்று வரும்: இன்ன தேதியில், இன்ன வங்கியிலிருந்து, இன்ன எண்ணுள்ள பரிமாற்றத்தில் இவ்வளவு ரூபாய் என்று. வரைவு வந்ததும் அந்தப் பத்தியை நம் கணக்கு அறிக்கையோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். "மீதி ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்" என்று பழைய பத்திரத்திலிருந்து நகலெடுத்த ஒரு வரி அங்கே ஒட்டிக்கொண்டிருந்தால் பதிவுக்கு முன்பே எடுக்கச் சொல்லிவிட வேண்டும்.

விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் விற்கிறவரின் வரிக் கணக்கில் முன்கூட்டியே சேரும் 1 சதவீத டி.டி.எஸ்.ஸைப் பிடித்துக் கட்டுவதும் வாங்குகிறவர் பொறுப்பு. 60 லட்சத்தில் 60,000 ரூபாய். இது கூடுதல் செலவல்ல, விற்கிறவருக்குக் கொடுக்கும் தொகையிலிருந்தே பிடித்துக்கொள்வது. பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் ஆன்லைனில் கட்டிவிட வேண்டும், விட்டால் வட்டியும் தாமதக் கட்டணமும் நம் தலையில். விற்கிறவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 1 சதவீதம் பொருந்தாது, பிடிக்க வேண்டியது மிக அதிகம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிட வேண்டும். டி.டி.எஸ். கட்டிய சலான், அன்பளிப்புக் கடிதங்கள், நகை பில், சீட்டு பாஸ்புக், அந்த வருஷக் கணக்கு அறிக்கை எல்லாவற்றையும் பத்திர நகல் இருக்கும் ஃபைலிலேயே போட்டு வையுங்கள். வங்கிகள் ஆன்லைனில் பழைய அறிக்கைகளைக் குறிப்பிட்ட காலம் வரைதான் காட்டும். நோட்டீஸ் வந்த பிறகு கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்துக் காத்திருப்பதைவிட, பதிவு முடிந்த வாரமே முத்திரையோடு ஒரு பிரதி வாங்கிவிடலாம்.